முசே வயிற்றில் மோதிரம்

சுப்ராயன் சார் அந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து டேப் ஒட்டினார். காலை வெயிலில் முதுகெலும்பும் விலாவும் பளிச்சென்று தெரிந்தன. நடு வயிற்றில் வெள்ளையாக ஒரு வளையம்.

"ஆட்டுக்குட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"நாய் சார்."

சட்டென்று இரண்டடி பின்னால் போனார். படத்தில் இருக்கிற நாய்க்கே இந்த மரியாதை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர், எப்பேர்ப்பட்ட கேடியையும் நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசுவார். நாய் என்றால் மட்டும் தொடை நடுங்கும். காரைக்காலில் துப்பறியும் அலுவலகத்தை மாடியில் வைத்ததற்குக் காரணமே அதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

நான் அவருடைய உதவியாளர். முழுப்பெயர் ஜன்னத்துல் பிர்தௌஸ். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் குற்றவாளி நாகூர் பஸ் ஏறிவிடுவான் என்பதால் சார் பிர்தௌஸ் என்று நிறுத்திக்கொள்வார்.

படத்தைக் கொண்டுவந்தவர் தெட்சிணாமூர்த்தி, மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு சாமியே இல்லை என்று ஊரெல்லாம் வாதாடுகிறவர். இன்றைக்கு வாதாடும் நிலையில் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

படத்தில் இருப்பது அவர் வளர்க்கும் பொமரேனியன். பெயர் முசே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் இந்த ஊரில் பெரிய மனுஷர்களைக் கூப்பிட அந்த ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. அதையும் இவர் நாய்க்குக் கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டில் நஜீபா, அவள் மகள் அஸ்ஃபியா. வீட்டுக்காரர் அஸ்கர் துபாயில். போன மாதம் அஸ்ஃபியாவுக்கும் நூகு என்கிற பையனுக்கும் நிச்சயம் ஆனது. பையனின் தாயார் சுல்தான் பீவி தன் கையாலேயே மோதிரம் போட்டுவிட்டுப் போனார். நேற்று அந்தப் பெண் மோதிரத்தைக் கழற்றிப் பின்பக்க ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைந்திருக்கிறாள். ரொட்டித் துண்டுக்காக வழக்கமாக அங்கே வந்து நிற்கும் முசே, மாவு உருண்டையோடு மோதிரத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டதாம்.

கால்நடை டாக்டர் முருகானந்தத்திடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றில் சொல்லி வைத்தாற்போல் வளையம். வழவழப்பான சாமான்தான், இரண்டு மூன்று நாளில் தானாக வெளியே வந்துவிடும், காத்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் இன்று சாயங்காலம் சுல்தான் பீவி வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மருமகளின் விரலைத்தான் பார்ப்பார். ஆகவே மத்தியானமே வயிற்றைக் கிழித்து எடுத்துவிடலாமா என்று நஜீபா கேட்க, பழகிய வீட்டின் மானப் பிரச்சினையாயிற்றே என்று தெட்சிணாமூர்த்தியும் சரி என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் டாக்டர் முசேவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருக்கிறார். கத்தி ஒன்றும் செய்யாது, மயக்க ஊசியைத்தான் இந்தக் கிழட்டு இதயம் தாங்குமா தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டார்.

"எங்களுக்குப் புள்ளை குட்டி இல்லீங்க சார்" என்றார் தெட்சிணாமூர்த்தி. "அவன் எந்திரிக்கலைன்னா எங்க வீட்டுல பெரியநாயகியும் எந்திரிக்க மாட்டா."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. பொருள் தொலைந்தால் துப்பறியலாம், இவர் அது எங்கே இருக்கிறது என்று போட்டோவே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாரே, இதில் நமக்கு என்ன வேலை என்று சாரின் காதில் முணுமுணுத்தேன். சார் காதில் வாங்கவில்லை. ஒரே ஒரு படம்தானா என்று அவரைக் கேட்டார். ஆமாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து எடுத்தது. மல்லாக்கப் படுக்க வைத்து இன்னொன்று எடுக்கப் பார்த்தபோது முசே டாக்டரின் கட்டை விரலைக் கவ்விவிட்டது. இதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

"படத்தைப் பார்த்ததும் யாரு என்ன சொன்னாங்க?"

நஜீபா அல்ஹம்துலில்லாஹ் என்றாளாம். டாக்டர் ஜம்மென்று தெரிகிறது என்றாராம். அஸ்ஃபியா மட்டும் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, "நெசமாவே உள்ள இருக்கா?" என்று கேட்டாளாம்.

சார் படத்தை ஜன்னலிலிருந்து உரித்தார்.

"முழுங்கினதைக் கண்ணால பாத்த பொண்ணு, நெசமாவே இருக்கான்னு ஏன் கேக்குது? கிளம்பு பிர்தௌஸ்."

என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். தெட்சிணாமூர்த்தி வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டைத் தாண்டாமல் அங்கேயே நின்றுகொண்டார். கால் பிடித்துக்கொண்டதாம். நான் மட்டும் உள்ளே போனேன்.

கூடத்தில் பெரியநாயகியம்மா முசேவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆபரேஷனுக்காக நேற்றிரவிலிருந்து முசே பட்டினி. என்னைப் பார்த்து ஒரு உறுமல் உறுமியது. பஞ்சுப் பொதி மாதிரி உடம்பெல்லாம் ரோமம். இடது கன்னத்தில் மட்டும் மையால் வட்டமாக ஒரு திருஷ்டிப் பொட்டு. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வயிற்றைத் தடவலாம் என்று கையைக் கொண்டுபோனபோது அவர் முந்தானையை இழுத்து முசேவின் இடுப்பை மூடினார்.

"வயித்துல தொடாதம்மா, கூச்சப்படுவான்."

வாசலிலிருந்து சார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொட்டை ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து வீட்டில் நெய்ச்சோற்று வாசம் தெருவையே தூக்கியது. நஜீபாவுக்கு ஓடி ஓடி வேலை. கரண்டியைக் கீழே வைக்காமலேயே பேசினாள். தானும் கல் நெஞ்சுக்காரி இல்லை, முசே மேல் தனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஆனால் சுல்தான் பீவி எப்படிப்பட்ட ஆள் என்று நமக்குத் தெரியாது என்றாள். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் சர்பத் கிளாஸ் உடைந்ததற்கே எழுந்து வந்துவிட்டாராம். அப்படிப்பட்டவரிடம் மோதிரம் நாய் வயிற்றில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவள் பயமும் நியாயமாகத்தான் பட்டது.

அஸ்ஃபியா அடுப்படி வாசலில் நின்றாள். முகத்தில் தூக்கமே இல்லை. மோதிர விரலின் அடியில் பிளாஸ்திரி. என்ன ஆயிற்று என்று சார் கேட்டார். வெங்காயம் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டது என்றாள். சார் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் என் முடிவை அறிவித்தேன். இது காதல் விவகாரம். பெண்ணுக்கு மனசில் வேறு யாரோ இருக்கிறான். கல்யாணத்தை நிறுத்துவதற்காக மோதிரத்தை ஒளித்துவிட்டு அந்த வாயில்லா ஜீவன் மேல் பழியைப் போட்டிருக்கிறாள். கேட்கும்போது எனக்கே என் மேல் மதிப்பு கூடியது.

"மோதிரம் வேண்டாம்னா தூக்கிப் போட நாய் எதுக்கும்மா?" என்றார் சார். "கடல் கூப்பிடுற தூரத்துல இருக்கு. கடல் முழுங்கினது திரும்பி வராது. நாய் முழுங்கினது வரும், ஆனா உடனே வராது. இந்தப் பொண்ணுக்கு மோதிரம் வேணும். இன்னிக்குத்தான் வேண்டாம்."

என் மதிப்பு இறங்கிவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு ஓட்டை இருந்தது. அஸ்ஃபியா சொன்னது பொய் என்றால் எக்ஸ்ரேயில் தெரிகிற வளையம் எங்கிருந்து வந்தது? கேட்டேன். அதற்கு நாயிடம்தான் போக வேண்டும் என்றார். சொல்லும்போதே அவர் குரல் கம்மியது.

மத்தியானம் கிளினிக்கில் எல்லாரும் கூடிவிட்டோம். நஜீபாவால் அடுப்பை விட்டு வரமுடியவில்லை. மோதிரத்தைக் கையோடு வாங்கி வரச்சொல்லி அஸ்ஃபியாவை அனுப்பியிருந்தாள். மேஜை மேல் முசே. பக்கத்தில் டாக்டர் முருகானந்தம், கட்டை விரலில் கட்டு, கையில் மயக்க ஊசி. தெட்சிணாமூர்த்தி சுவரைப் பார்த்து நின்றார். பெரியநாயகியம்மா முசேவின் நெற்றியில் வாயை வைத்து என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சார் கதவுக்கு வெளியே நின்றபடியே, ஊசியைக் கீழே வைத்துவிட்டு மல்லாக்க ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. படத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும் மோதிரம், இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும், கட்டை விரல் இன்னும் ஒன்றுதான் பாக்கி இருக்கிறது என்றார்.

"நீங்க பிடிக்க வேண்டாம் டாக்டர். அவங்கம்மா பிடிக்கட்டும்."

கதிர் படாமலிருக்கப் பெரியநாயகியம்மாவுக்கு ஈய அங்கியை மாட்டிவிட்டார்கள். அவர் கை பட்டதும் முசே காலை நீட்டி மல்லாந்து கொடுத்தது. டாக்டரைப் பார்த்து மட்டும் உதட்டைத் தூக்கியது. கதிர் ஆகாது என்று சொல்லிச் சார் தெருவுக்கே போய்விட்டார். எந்தக் கதிர் என்று எனக்குத் தெரியும்.

திரையில் படம் வந்தது. முதுகெலும்பு நடுவில், இரண்டு பக்கமும் விலா, வயிறு காலி. வளையத்தைக் காணோம். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் மூக்கை இடித்தார். பிறகுதான் ஓரத்தில் பார்த்தார். வளையம் இருந்தது. முசேவின் தோல் முடிகிற கோட்டைத் தாண்டி, ரோமம் இருக்க வேண்டிய இடத்தில் அது பாட்டுக்குக் கிடந்தது.

"இது நாய்க்கு வெளியில இருக்கு" என்றார் டாக்டர். அவர் குரலே அவருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

சார் வாசல்படி வரை வந்தார். "அம்மா, கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெச்ச கை, இடுப்பைச் சும்மா விட்டிருக்குமா?"

பெரியநாயகியம்மா தலையைக் குனிந்துகொண்டார். முசேவின் இடுப்பு ரோமத்தை இரண்டு கையாலும் விலக்கினார். அடியில் கறுப்பு அரைஞாண் கயிறு. அதில் கோத்த ஒரு செம்பு வளையம், பெண்கள் விரலுக்குப் போடுகிற அளவில். கயிறு எக்ஸ்ரேயில் தெரியாது. வளையம் தெரியும். ஒருக்களித்துப் படுத்தபோது அது விலாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, படத்தில் நட்ட நடு வயிற்றில் விழுந்துவிட்டது.

"படம் பொய் சொல்லலை டாக்டர்" என்றார் சார். "அதுக்கு உள்ளே எது வெளியே எதுன்னு தெரியாது, அவ்வளவுதான். கொடியில காயுற சட்டையோட நிழலைப் பாத்தா சுவத்துல மாட்டியிருக்கிற மாதிரிதான் இருக்கும். இன்னொரு பக்கம் போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

கடிக்குப் பயந்து வயிற்றை நன்றாகத் தடவிப் பார்க்காமல் விட்டது தன் தப்புதான் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். நல்ல மனுஷர். ஊசியை எடுத்துக் குப்பையில் போட்டார்.

தெட்சிணாமூர்த்திக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. நம் வீட்டிலா இது, யார் கட்டியது, எப்போது கட்டியது என்று திணறினார்.

"போன ஆடியில இவனுக்கு மூச்சு வாங்குச்சே, அப்ப கட்டினது. நெடுங்காட்டுல தம்பி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு அம்பகரத்தூருக்குப் போயி வேண்டிக்கிட்டு, கோயில் வாசல் கடையில வாங்கியாந்தேன்" என்றார் பெரியநாயகியம்மா. "உங்க கொள்கையை நீங்க வெச்சிக்கிங்க. எனக்கு எம் புள்ளைதான் வேணும்."

தெட்சிணாமூர்த்தி முசேவின் இடுப்பில் கயிறு இறுக்குகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார்.

அப்போதுதான் பெஞ்சில் அழுகைச் சத்தம் கேட்டது. அஸ்ஃபியா. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிளாஸ்திரியைக் காட்டி, வெங்காயக் கத்தி சரியாக மோதிரம் இருந்த இடத்தில் எப்படிப் பட்டது என்று சார் மெதுவாகக் கேட்டார். மோதிரத்தைக் கழற்றினால் காயம் வராதே, வெட்டினால்தானே வரும்.

"ஆமாங்க" என்றாள். "வெட்டித்தான் எடுத்தது, லாத்தா." எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், சாரைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மோதிரம் சின்னது. நிச்சயத்தன்றே இறுக்கித்தான் ஏறியது. கழற்றக் கூடாது என்று சுல்தான் பீவி சொல்லிவிட்டுப் போக, இவளும் கழற்றவில்லை. விரல் வீங்கி நீலம் பாரித்துவிட்டது. யாருக்கும் சொல்லாமல் திருநள்ளாற்றில் ஒரு நகைப் பத்தரிடம் போனாள். அவர் வெட்டி எடுத்துவிட்டு, பற்ற வைத்துச் சனிக்கிழமை தருகிறேன் என்றார். அதற்குள் வெறும் விரலை உம்மா பார்த்துவிட்டாள். நிச்சய மோதிரத்தை வெட்டியாயிற்று என்று எப்படிச் சொல்வது? நூகு அவளுக்குப் பிடித்த பையன். சர்பத் கிளாசுக்கே எழுந்து போனவர் இதற்கு என்ன செய்வாரோ என்ற பயத்தில் வாயில் வந்தது முசேவின் பெயர். அது வெளியே போக இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் மோதிரம் கைக்கு வந்துவிடும், அலசிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். ஆனால் சுல்தான் பீவியும் அதே சனிக்கிழமை, அதாவது இன்றைக்கே, வருகிறேன் என்று போன் பண்ணிவிட்டார்.

"எக்ஸ்ரேல வளையம் தெரிஞ்சதும் எனக்குத் தலை சுத்திருச்சு லாத்தா. வேற எதையோ நெசமாவே முழுங்கியிருக்கு, வெட்டி எடுத்தாத்தான் பொழைக்கும்னு நெனச்சேன். இல்லைன்னா அப்பவே சொல்லியிருப்பேன்."

எல்லாரும் பெரியநாயகியம்மாவைப் பார்த்தோம். நியாயமாகப் பார்த்தால் அவர் இவளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்க வேண்டும். அவர் முசேவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து அஸ்ஃபியாவின் விரலைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த வீக்கத்தோடயா மாவு பிசைஞ்ச?" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, பத்தர் கடையிலிருந்து மோதிரத்தைக் கொண்டுவந்துவிட முடியுமா என்று கேட்டார். ஊசி போடாமலேயே முசே வெளிக்குப் போய்விட்டது, மோதிரம் வந்துவிட்டது என்று நஜீபாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். பழி எங்கள் புள்ளை மேலேயே இருக்கட்டும், அதற்கு என்ன தெரியப்போகிறது என்றார்.

சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்குள் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு என் பாடு தெரியும். சனி பகவானைப் பார்க்க நாடே திரண்டு வந்திருந்தது. நளன் குளத்தில் முங்கி எழுந்த ஈரத் தலைகளுக்கு நடுவே ஹாரன் அடித்து அடித்து என் கட்டை விரலுக்கும் ஒரு கட்டுப் போடும் நிலை வந்தது. ஒருவழியாக மோதிரத்தை வாங்கிவந்து பெரியநாயகியம்மாவிடம் கொடுத்தேன். கொஞ்சம் பெரிதாக்கியே பற்ற வைத்திருந்தார் பத்தர். பொடிக் கோடு ஒன்று தெரிந்தது.

நஜீபா மோதிரத்தை இடுக்கியால் வாங்கினாள். நாய் வாய் பட்டதை எங்கள் வீடுகளில் ஏழு தடவை கழுவுவோம், அதில் ஒரு தடவை மண்ணைப் போட்டு. இது வாயோடும் நிற்கவில்லையே. அடுப்பில் நெய்ச்சோறு இருக்க, கொல்லையில் குந்தி உட்கார்ந்து மண் கரைத்து, வாயால் எண்ணி எண்ணிக் கழுவினாள். நானும் தண்ணீர் ஊற்றினேன். சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

சாயங்காலம் சுல்தான் பீவி வந்தார். நினைத்தபடியே உட்காருவதற்கு முன் அஸ்ஃபியாவின் கையைப் பிடித்தார். மோதிரத்தைத் திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார்.

"இது என்ன கோடு?"

கோடா, எங்கே என்று நஜீபா சமாளிக்க ஆரம்பித்தாள். அஸ்ஃபியா உம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மோதிரம் சின்னது மாமி. விரல் வீங்கிருச்சு. பத்தர்கிட்ட குடுத்து வெட்டி எடுத்தேன். பயந்துக்கிட்டு நாய் முழுங்கிருச்சுன்னு பொய் சொல்லிட்டேன். அதால இன்னிக்கு ஒரு உயிரே போயிருக்கும். இன்னொரு பொய் சொல்ல என்னால ஆவாது."

சுல்தான் பீவி பிளாஸ்திரியை உரித்துக் காயத்தைப் பார்த்தார். நான் மனசுக்குள் கல்யாணத்தை நிறுத்தியே விட்டேன்.

"நூகு அப்பவே சொன்னான், சின்னதா இருக்கும்மான்னு. நாந்தான் எம் மக விரலை வெச்சு அளவு குடுத்தேன்" என்றார். "இவ்வளவு நாளா வலியோடயா இருந்த? வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா வெச்சிருவேன்?"

அஸ்ஃபியா அவர் தோளில் சாய்ந்து அழுதாள். சுல்தான் பீவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுப்ராயன் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

நஜீபா மட்டும் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அப்ப நான் ஏழு தடவை கழுவினது?"

யோசிக்க யோசிக்க அவளுக்கே எல்லாம் புரிந்துகொண்டு வந்தது. முசே எதையும் விழுங்கவில்லை. எதையும் விழுங்காத ஜீவனைத்தான் வெட்டச் சொன்னாள். அடுப்படிக்குள் போனாள். சம்பந்தியம்மாவுக்கு எடுத்து வைத்திருந்த பெரிய தட்டில் நெய்ச்சோற்றையும் கறியையும் அள்ளி வைத்து, சம்பந்தியம்மாவைத் தாண்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பக்கத்து வீட்டுக் கேட்டைத் தாண்டி அவள் ஒருநாளும் உள்ளே போனதில்லை, முசே மேலே பட்டுவிடும் என்று. இப்போதும் கேட்டருகே வந்ததும் நின்றாள். பெரியநாயகியம்மா முசேவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

"அக்கா, இன்னிக்கு நான் என்ன பண்ணப் பாத்தேன்னு..." என்று ஆரம்பித்தாள் நஜீபா. முடிக்காமல் தட்டை நீட்டினாள்.

பெரியநாயகியம்மா தட்டைப் பார்த்தார். முசேவும் பார்த்தது.

"எலும்பு இல்லாம எடுத்தாந்திருக்கியா?"

"இல்லாமத்தான்க்கா."

"அப்ப உள்ள வா" என்றார்.